வராத மழைக்கு நீ சொன்ன ‘வேண்டாம்’

மகளே, நீ உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு இருக்கிறாய். நான் அடுப்படியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நடுவில் ஒரு சுவர்தான். எழுந்து வந்து கதவைத் தட்டிப் பேசினால் முடிந்துவிடும் என்று வெளியில் இருப்பவர்கள் நினைப்பார்கள். நம் வீட்டில் அது நடக்காது என்று உனக்கும் தெரியும். நான் வாயைத் திறந்தால் “சாப்பிட வா” என்றுதான் வரும். நீ “பசிக்கலம்மா” என்பாய். அதோடு இரண்டு பேரும் பேச வந்ததை விழுங்கிவிட்டு அவரவர் மூலைக்குப் போய்விடுவோம். அதனால் எழுதுகிறேன். எழுதி முடித்ததும் நம் பங்குக் கோயில் இதழுக்கும் ஒரு படி கொடுக்கப்போகிறேன். உனக்குக் கோபம் வரலாம். ஆனால் உன்னைப் பற்றி மீன் ஏலக்கூடத்தில் பேசுகிறார்கள், கோயில் வாசலில் பேசுகிறார்கள், வேம்பார் பஸ்ஸில் பேசுகிறார்கள். பேசுகிறவர்கள் எல்லாரும் படிக்கட்டும்.

வெளியூரில் இருந்து படிக்கிறவர்களுக்காக நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். நீ ஹெலிகாப்டர் ஆம்புலன்ஸில் நர்ஸ். போன மாதம் நம் கடற்கரையில் படகைக் கரையேற்றி வைத்து அடிப்பலகை மாற்றிக்கொண்டிருந்தபோது முட்டுக் கொடுத்திருந்த கட்டை சரிந்து, படகு ரெஜினாவின் புருஷன் அமலன் இடுப்பில் விழுந்தது. வயிற்றுக்குள்ளே ரத்தம் போகிறது, மதுரையில்தான் அந்த ஆபரேஷன் நடக்கும் என்று டாக்டர் சொன்னார். உங்கள் ஹெலிகாப்டரை அழைத்தார்கள். பள்ளிக்கூட மைதானத்தில் இறங்கியது. நீ குனிந்தபடி இறங்கி வந்தாய். அமலனுக்கு ஊசி போட்டு, ஸ்ட்ரெச்சரில் கட்டி, தூக்கப் போகும் நேரத்தில் கிழக்கே பார்த்தாய். கடலுக்கு மேல் கொண்டல் கறுத்து நின்றது. பைலட்டும் பார்த்தார். “பத்து நிமிஷம் போதும், நாம தாண்டிப் போயிடும்” என்று அவருடைய மலையாளத் தமிழில் சொன்னார். நீ “வேண்டாம் சார்” என்றாய். அவர் உன்னை ஒரு தடவை பார்த்தார். ஏன் என்று கேட்கவில்லை. எஞ்சினை நிறுத்திவிட்டார். தயாராக நின்ற ரோட்டு ஆம்புலன்ஸில் அமலனை ஏற்றி, நீயும் கூடவே ஏறிப் போனாய். எட்டயபுரம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் அவன் உயிர் போய்விட்டது. இங்கே ஒரு சொட்டு மழை விழவில்லை. அந்த மேகம் கரைக்கு வராமலே தெற்கே கடலோடு ஒதுங்கிப் போனது. சாயங்காலம் நல்ல வெயில் அடித்தது. அந்த வெயிலைத்தான் ஊரால் மன்னிக்க முடியவில்லை.

மறுவாரம் நான் மீன் வாங்கப் போனேன். கூடையைக் கீழே வைக்கவில்லை, அதற்குள் ஒருத்தி பக்கத்தில் இருப்பவளிடம் சொல்வதுபோல என் காதில் விழச் சொன்னாள்: “பறக்கதுக்கும் சம்பளம், பறக்காம தரையில நிக்கதுக்கும் சம்பளம். நல்ல வேலைதான்.” இன்னொருத்தி, “ஏளா, அவ மேல என்ன தப்பு? பொம்பளப் பிள்ள, மேகத்தப் பாத்ததும் துணி காயப்போட்டது ஞாபகம் வந்திருக்கும்” என்றாள். சிரித்தார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. அமலனின் அடக்கத்துக்கு முந்தின நாள் முழுக்க ரெஜினா வீட்டில் சமைத்துப் போட்டவர்கள். நான் விலை கேட்காமல் கையில் கிடைத்த சாளையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். திருப்பி ஒரு வார்த்தை சொல்ல எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து மீனை அலசும்போதுதான் சொல்ல வேண்டியதெல்லாம் வரிசையாக வந்தது. எனக்கு எப்போதும் அப்படித்தான்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள் என்று உனக்குத் தெரியும். எதனால் நின்றேன் என்று கேட்டபோதெல்லாம் “படிப்பு ஏறல” என்று சொல்லியிருக்கிறேன். படிப்பு ஏறாமல் இல்லை. எனக்குக் கரும்பலகை தெரியவில்லை. கடைசி வரிசையில் உயரத்துக்கு ஏற்றாற்போல உட்கார வைத்தார்கள். அங்கிருந்து எழுத்தெல்லாம் வெள்ளைப் புகையாகத் தெரியும். முன்னால் உட்காருகிறேன் டீச்சர் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. பக்கத்தில் இருப்பவளைப் பார்த்து எழுதினேன். அவள் வராத நாளில் எழுதாமல் இருந்தேன். மந்தம் என்றார்கள். மந்தம் என்றதும் ஆமாம்போல என்று நானும் நம்பிவிட்டேன். உன்னைப் பெற்ற பிறகு உன் அப்பாதான், தூரத்தில் வரும் வள்ளம் எது என்று தெரியாமல் நான் படும் பாட்டைப் பார்த்து, தூத்துக்குடிக்குக் கூட்டிப்போய்க் கண்ணாடி வாங்கித் தந்தார். வாய் திறக்காதவர்கள் எதை இழக்கிறார்கள் என்று எனக்குப் புத்தகம் படித்துத் தெரிய வேண்டியதில்லை.

ஆனால் நம் ஊரில் வாய் திறக்காமல் இருப்பதற்கு என்னைப்போலக் கூச்சப்பட்டவளாக இருக்க வேண்டும் என்பதில்லை. எவ்வளவு வாயாடியாக இருந்தாலும் ஒரு நேரத்தில் எல்லாரும் வாயை மூடிக்கொள்வோம். யாராவது புறப்படும் நேரம் அது. புறப்பட்டவரை எங்கே என்று கேட்கக் கூடாது. பின்னால் இருந்து கூப்பிடக் கூடாது. வேண்டாம், போகாதே என்ற சொல் மட்டும் வாயில் வரவே கூடாது. வள்ளத்தைத் தள்ளிய பிறகு கரையில் நிற்கிறவர்கள் “போயிட்டு வாங்க” என்பதைத் தவிர எதுவும் சொல்வதில்லை. உனக்கு நினைவிருக்கும், நர்சிங் நுழைவுத் தேர்வுக்குப் போன அன்று நீ ஹால் டிக்கெட்டை மேசை மேலேயே வைத்துவிட்டுப் போனாய். நான் கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடி வந்தேன். நீ தெருவில் கூப்பிடு தூரத்தில்தான் போய்க்கொண்டிருந்தாய். கூப்பிடவில்லை. மாதா கெபிக்குப் பின்னால் இருக்கும் சந்து வழியாக ஓடி, மூச்சு வாங்க உனக்கு முன்னால் வந்து நின்றேன். “ஏம்மா, பின்னால இருந்து கூப்பிட்டா நான் என்ன செத்தா போயிருவேன்?” என்று கத்தினாய். ஒரு செருப்பு சந்திலேயே கழன்று கிடந்தது. நீ பஸ் ஏறிய பிறகு போய் எடுத்துக்கொண்டேன். அன்று இதை நினைத்து வீட்டில் எல்லாரும் சிரித்தோம். உன் சேவியர் மாமாதான் அதிகம் சிரித்தான்.

மாமாவைப் பற்றி நீ கேட்காமல் நான் பேசியதில்லை. இப்போது பேச வேண்டியிருக்கிறது. என் தம்பி சேவியர் சங்குக்கு முங்குகிறவன். படகில் கம்ப்ரசர் ஓடும், காற்றுக் குழாயைப் பல்லில் கடித்துக்கொண்டு ஆழத்தில் நடந்து சங்கு பொறுக்குவான். அதிக நேரம் கீழே இருந்துவிட்டுச் சட்டென்று மேலே வந்தால் ரத்தத்தில் காற்று கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பும் என்று நீதான் பிறகு எனக்கு விளக்கினாய். அன்று அவனுக்கு அதுதான் நடந்தது. படகில் சிரித்துக்கொண்டே ஏறினானாம். ஒரு பீடி பற்ற வைத்தானாம். பீடி விரலில் இருந்து நழுவியது, கால் மடங்கியது, அதோடு இடுப்புக்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை. நீ அப்போது நர்சிங் இரண்டாம் ஆண்டு, விடுதியில் இருந்தாய். இதற்கென்று காற்றழுத்த அறை இருக்கும் ஆஸ்பத்திரிக்குச் சீக்கிரம் கொண்டுபோனால் கால் திரும்பும் என்றார்கள். யார் யாரோ பேசி, உப்பளத்தை ஒட்டிய பள்ளிக்கூட மைதானத்துக்கு ஹெலிகாப்டர் வந்தது. நம் ஊர் மண்ணில் முதல்முறையாக ஒரு ஹெலிகாப்டர் இறங்கியது அன்றுதான். உப்பளத்து வேலையை விட்டுப் பெண்களெல்லாம் ஓடி வந்தார்கள். உப்பு அம்பாரத்தின் மேல் மூடியிருந்த பனையோலைகள் காற்றில் பிய்ந்து பறந்து ஒருவர் முகத்தைக் கிழித்தன. அதைக்கூட யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

உயரத்தில் பறந்தால் அந்தக் கொப்புளங்கள் இன்னும் பெரிதாகும், தாழ்வாகவே போங்கள் என்று அந்த ஆஸ்பத்திரி டாக்டர் பைலட்டிடம் போனில் சொன்னார். தாழ்வாகப் போவதென்றால் நம் பக்கம் என்னென்ன இருக்கிறது என்று உனக்குத் தெரியும். சவுக்கு மரங்கள், கரண்டுக் கோபுரங்கள், உப்பள மோட்டார்களுக்கு இழுத்த கம்பிகள். பைலட் வெளியூர்க்காரர். அன்றும் கிழக்கே கொண்டல் கட்டியிருந்தது. பைலட் விமான நிலையத்துக்குப் போன் பண்ணிக் கேட்டார். அங்கே வானம் தெளிவாக இருப்பதாகச் சொன்னார்கள். அவர் போனை வைத்துவிட்டுக் கடலைப் பார்த்தபடி நின்றார். யோசிக்கிறார் என்று எல்லாருக்கும் தெரிந்தது. அந்த நேரத்தில் உன் அத்தை, சேவியர் மனைவி, ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். “எய்யா, ரெண்டும் சின்னப் பிள்ளைக. இவுக எந்திரிச்சு நடக்கலன்னா நாங்க என்ன செய்வோம்? எப்படியாச்சும் கொண்டு சேத்துருங்கய்யா” என்றாள். சின்னவனைத் தூக்கி அவர் முன்னால் நிறுத்தினாள். அவர் குழந்தையைப் பார்த்தார். மேகத்தை இன்னொரு தடவை பார்க்கவில்லை. தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டார்.

மைதானத்தைச் சுற்றி நின்ற ஆண்களில் பாதிப் பேர் அந்த மேகத்தை நம்பி வள்ளம் இறக்க மாட்டார்கள். உன் அப்பா என் பக்கத்தில் நின்றார். அவர் முகத்தைப் பார்த்தே எனக்குத் தெரிந்தது. நான் அவரைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார். ஒருவரும் சொல்லவில்லை. பங்குச் சாமியார் தீர்த்தம் தெளித்தார். எல்லாரும் “போயிட்டு வாங்க” என்றோம். ஹெலிகாப்டர் பனங்காட்டைத் தாண்டுவதற்குள் காற்று திரும்பிவிட்டது. மழை சுவர்போல வந்தது. பைலட் திரும்பி வந்து இறங்கப் பார்த்திருக்கிறார். மழைக்குள் சத்தம் மட்டும் கேட்டது, கிட்டே வந்தது, விலகியது, மறுபடி கிட்டே வந்தது. உப்பளத்து மோட்டார் கம்பி பைலட் கண்ணுக்குத் தெரியவில்லை. ஹெலிகாப்டர் அதில் மாட்டி உப்புப் பாத்தித் தண்ணீரில் விழுந்தது. பைலட், கூட வந்த டாக்டர், ஒரு நர்ஸ் பெண், என் தம்பி, நான்கு பேர். அந்த நர்ஸ் பெண்ணுக்கு உனக்கு இப்போது இருக்கும் வயதுதான் இருக்கும். அவளுடைய அம்மா வந்து உப்பு வரப்பில் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன். அவள் அழவில்லை. எதிரில் நிற்கிறவர்களிடம் எல்லாம், “இந்தக் கம்பி இங்க இருக்கறது உங்களுக்குத் தெரியும் இல்லையா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். தெரியும் என்று யாரும் சொல்லவில்லை.

பிறகு விசாரணைக்கு ஒரு அதிகாரி வந்தார். பங்கு மண்டபத்தில் உட்காரவைத்து டீ கொடுத்தோம். நல்ல மனிதர், யாரையும் அதட்டவில்லை. உன் அப்பாவைத்தான் முதலில் கேட்டார்.

“மேகத்தைப் பார்த்தீங்களா?”

“பாத்தோம் சார்.”

“மழை வரும்னு தெரியுமா?”

“வந்தாலும் வரும்னு தெரியும்.”

“பைலட்கிட்ட சொன்னீங்களா?”

அப்பா குனிந்துகொண்டார். “பொறப்பட்டு நிக்கவங்கள வேண்டாம்னு எப்படி சார் சொல்லுதது? அதுவும் சீக்காளிய ஏத்தியாச்சு.”

“அவர் உங்க ஊர்க்காரர் இல்லையே. அவருக்கு உங்க மேகம் தெரியாதே.”

“அவருகிட்டதான் அவ்வளவு பெரிய மெஷின் இருக்கே சார். அதுல எல்லாம் தெரியும்னு நெனச்சோம்.”

அதிகாரி பேனாவை மூடி வைத்தார். பிறகு, “உள்ளே இருந்த மூணு பேரும் அதையேதான் நினைச்சிருப்பாங்க. டாக்டர், பைலட்டுக்குத் தெரியும்னு நினைச்சிருப்பார். நர்ஸ், டாக்டரே பேசாம இருக்காரேன்னு நினைச்சிருப்பா. பைலட், இத்தனை மீன்பிடிக்காரங்க நிக்கறாங்க, ஒருத்தரும் ஒண்ணும் சொல்லலையேன்னு நினைச்சிருப்பார்” என்றார். டீயை அவர் குடிக்கவில்லை. உன் அப்பா அன்றிலிருந்து கடலுக்குப் போகும்போது நான் “போயிட்டு வாங்க” என்றால் பதில் சொல்வதில்லை. நீ கவனித்திருக்கிறாயா என்று எனக்குத் தெரியாது.

அப்படி இருக்க, படிப்பு முடிந்து பெரிய ஆஸ்பத்திரியில் வேலையும் பார்த்துவிட்டு, நீ அதே மாதிரி ஒரு ஹெலிகாப்டரில் சேரப்போவதாக வந்து சொன்னபோது நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று இன்றுவரை தெரியவில்லை. சோற்றைப் பிசைந்தபடி உட்கார்ந்திருந்தேன். நீதான் பேசினாய். இப்போது எல்லாவற்றையும் மாற்றிவிட்டார்கள் அம்மா என்றாய். நோயாளி யார், என்ன வயது, எத்தனை பிள்ளைகள், பிழைப்பாரா மாட்டாரா, எதையும் பைலட்டிடம் முதலில் சொல்ல மாட்டார்கள், பறக்க முடியுமா முடியாதா என்று மட்டும் கேட்பார்கள் என்றாய். இறங்கும் இடத்தை முன்கூட்டியே பார்த்து வைப்பார்கள், கம்பிகளில் ஆரஞ்சு உருண்டை மாட்டச் சொல்லியிருக்கிறார்கள், சொந்தக்காரர்களை எட்டவே நிறுத்துவார்கள், எப்போது கூப்பிட்டாலும் ரோட்டு ஆம்புலன்ஸும் ஒன்று கூடவே வந்து நிற்கும் என்றாய். கடைசியாக ஒன்று சொன்னாய். உள்ளே போகும் மூன்று பேரில் யார் வேண்டாம் என்றாலும் வண்டி கிளம்பாது, அந்த நேரத்தில் ஏன் என்று கேட்கவும் கூடாது, இளையவர் மூத்தவர் என்பதெல்லாம் கிடையாது என்றாய். “அப்ப நீ சொன்னாலும் நிப்பாட்டுவாவளா?” என்று நான் கேட்டேன். “நான் சொன்னாலும் நிப்பாட்டணும்மா” என்றாய். எனக்கு நம்பிக்கை வரவில்லை. அவர்கள் நிறுத்துவார்கள், நீ சொல்வாயா என்பதில்தான் நம்பிக்கை வரவில்லை. நீ என் பிள்ளை.

போன வருஷம் நீயும் உங்கள் ஆட்களும் வந்து மைதானத்தில் ஊராரைக் கூட்டிப் பாடம் எடுத்தீர்கள். உங்கள் ஆட்களில் மதுரை கருப்பாயூரணிப் பக்கத்துக்காரர் ஒருவர் கையில் கொடியோடு நின்றார். ஹெலிகாப்டரின் வால் பக்கம் போகக் கூடாது, அங்கே சுற்றும் சிறகு கண்ணுக்கே தெரியாது, சேலை முந்தானையைச் செருகிக்கொள்ளுங்கள், ஓலையும் தார்ப்பாயும் அருகில் இருக்கக் கூடாது என்றெல்லாம் நீ மைக்கில் சொன்னாய். மீன்காரப் பெண்கள் நடுவில் இருந்து ஒரு குரல், “மாட்டுக்கு முன்னால போகக் கூடாது, இதுக்குப் பின்னால போகக் கூடாது. அப்ப எந்தப் பக்கம்தான்ளா போறது?” என்றது. நீ சிரித்துவிட்டாய். “நீங்க எந்தப் பக்கமும் போகாதீங்க அத்தை, நாங்க வந்து தூக்கிட்டுப் போறோம்” என்றாய். கூட்டம் முழுக்கச் சிரித்தது. அந்தக் குரல் ரெஜினாவுடையது. பக்கத்தில் நின்ற அமலன் அவள் தோளில் இடித்து, “மைக்குக்காரிகிட்டயே வாய் குடுக்கியா” என்றான். அன்று எனக்குப் பெருமையாக இருந்தது. எத்தனை பேர் முன்னால் என் மகள் பேசுகிறாள் என்று நினைத்தேன்.

ஆனால் சிரிக்கும் கூட்டத்தின் முன்னால் பேசுவது வேறு, போன மாதம் நீ சொன்னது வேறு. அன்று பள்ளிக்கூடச் சுவரோரம் அத்தனை பேர் நின்றோம். ஸ்ட்ரெச்சரில் கிடந்தவனை நீ பிறந்ததிலிருந்து தெரியும். அவன் கண் திறந்துதான் இருந்தது. மேலே பறந்தால் பிழைப்பான் என்று எல்லாரும் நம்பிக்கொண்டிருந்தார்கள், நீயும்தான். அந்த இடத்தில், அந்த நேரத்தில், நம் ஊர்ப் பெண் ஒருத்தி புறப்பட்டு நிற்கிறவர்களைப் பார்த்து வேண்டாம் என்றாள். நீ அதைக் கத்திச் சொல்லவில்லை. வீட்டில் எனக்குச் சோறு போதும் என்பாயே, அந்தக் குரலில்தான் சொன்னாய்.

இப்போது மேகம் வராமல் போனதை வைத்து உன்னைக் கேட்கிறார்கள். நீயும் உன்னையே அதை வைத்துத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறாய் என்று கதவுக்கு இந்தப் பக்கம் இருந்தே எனக்குத் தெரிகிறது. ராஜினாமா எழுதிப் போனில் வைத்திருக்கிறாய் என்று உன் தோழி சொன்னாள். உன் அப்பாவிடம் நேற்று கேட்டுவிட்டேன். வலையைச் செப்பனிட்டுக்கொண்டிருந்தார். “அந்த மேகம் வரும்னு நெனச்சீயளா?” என்றேன். “திரும்பிரும்னுதான் நெனச்சேன்” என்றார். “அப்ப அவ சொன்னது தப்பா?” என்றேன். அவர் ஊசியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “ஏளா, திரும்பிரும்னு நான் நெனப்பேன். நெனச்சிக்கிட்டு வள்ளத்த எறக்குவனா? மாட்டேன். வந்துச்சுன்னா நமக்குச் சொல்லிட்டா வரும்? சேவியரு அன்னைக்கும் அது திரும்பிரும்னுதான் பாதிப் பேரு நெனச்சோம்.” அதற்குப் பிறகு வலைக்குள் குனிந்துகொண்டார். வெகு நேரம் கழித்து, “அவ சொல்லிட்டா. நான் சொல்லல” என்றார். உன்னிடம் வந்து இதைச் சொல்லச் சொன்னேன். “நீ சொல்லு” என்றார். அதனால் நான் எழுதுகிறேன்.

ஹெலிகாப்டர் போயிருந்தால் அமலன் பிழைத்திருப்பானா? பிழைத்திருக்கலாம். இதை நான் உனக்கு மறைக்கப்போவதில்லை. உனக்கு ஆறுதல் சொல்வதற்காக, அவன் எப்படியும் போயிருப்பான் என்று பொய் சொல்ல மாட்டேன். நீ நர்ஸ், பொய் என்று கண்டுபிடித்துவிடுவாய். அவன் பிழைத்து இன்று படகடியில் நின்றிருக்கலாம். அல்லது உன்னையும் சேர்த்து மூன்று பேரோடு உப்புத் தண்ணீரில் கிடந்திருக்கலாம். இரண்டில் எது என்று யாரும் எப்போதும் சொல்ல முடியாது. வேண்டாம் என்று சொல்கிறவர்களுக்கு இந்த வேலையில் கிடைக்கிற கூலி இதுதான் என்று எனக்கு இப்போதுதான் புரிகிறது. போய் விழுந்தால் எல்லாரும் பார்ப்பார்கள். போகாததால் விழாமல் இருந்ததை ஒருவரும் பார்க்க மாட்டார்கள். பின்னால் மழை வந்ததா வரவில்லையா என்பதை வைத்து அளந்தால், அடுத்த தடவை உன் இடத்தில் நிற்கும் பெண் மேகத்தைப் பார்த்துவிட்டு ஊரின் வாயை நினைத்துப் பேசாமல் ஏறிவிடுவாள். உப்பு வரப்பில் இன்னொரு அம்மா உட்காருவாள்.

ஊராருக்கும் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். நம் பழக்கத்தை நான் பழிக்கவில்லை. வள்ளத்தில் போகிறவனுக்கு மேகம் நம்மைவிட நன்றாகத் தெரியும், அவனிடம் நாம் பேசாமல் இருந்தால் ஒன்றும் கெட்டுப்போகாது. வானத்தில் இருந்து இறங்கி வரும் வெளியூர்க்காரருக்கு நம் மேகமும் தெரியாது, நம் கம்பியும் தெரியாது. அவரிடம் பிள்ளைகளைக் காட்டாதீர்கள். கையைப் பிடிக்காதீர்கள். கம்பி எங்கே இருக்கிறது, காற்று எப்படித் திரும்பும் என்பதைச் சொல்லுங்கள். சொன்னது தவறாகப் போனாலும் போகட்டும்.

இனி, நீ கதவைத் திறக்க வேண்டிய விஷயம். முந்தாநாள் நீ தூங்கிக்கொண்டிருந்தபோது ரெஜினா வந்திருந்தாள். அடக்கத்துக்குப் பிறகு அவள் வீட்டை விட்டு வெளியே வந்தது அதுதான் முதல் தடவை. நான் நாற்காலியை இழுத்துப் போட்டேன். உட்காரவில்லை.

“ஒங்க மவ எங்க மைனி?”

“உள்ள இருக்கா. உறங்குதா.”

“நான் சண்டைக்கு வரல. பயப்படாதீய.” உள்ளறைக் கதவைப் பார்த்தாள். “அன்னைக்கு என் கையை நீங்கதான் பிடிச்சிருந்தீய. ஞாபகம் இருக்கா?”

“இருக்கு.”

“எஞ்சின் நின்னதும் ஒங்க கை எளகுச்சு மைனி. அதுவரைக்கும் இறுக்கிப் பிடிச்சிருந்த கை. நான் கவனிச்சேன்.”

அவள் சொன்னது நிஜம். எஞ்சின் நின்றபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. அவள் புருஷன் அங்கே கிடக்கும்போது, அவள் கையைப் பிடித்துக்கொண்டே, என் பிள்ளை தரையில் நிற்கிறாள் என்று நான் நிம்மதிப்பட்டேன். “ஆமா” என்றேன். அவள் தலையை ஆட்டினாள். கோபப்படவில்லை, ஒப்புக்கொண்டதற்காகவோ என்னவோ.

“ஊர்ல ஒவ்வொருத்தரும் ஒவ்வொண்ணு சொல்லுதாவ. ஒங்க மவ பயந்துட்டாங்காவ. பைலட்டுக்கும் அவளுக்கும் வாய்த்தகராறுங்காவ. எனக்கு அதெல்லாம் வேண்டாம். அவளே வந்து என் முன்னால ஒக்காந்து சொல்லட்டும், என்னத்தப் பாத்தா, எதுக்கு வேண்டாம்னான்னு. வழியில அவுக என்ன சொன்னாவன்னும் சொல்லட்டும். அவகூடத்தான் கடைசியா பேசியிருக்காவ.”

“வந்து மன்னிப்பு கேக்கச் சொல்லுதேன் ரெஜினா” என்றேன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அப்போதுதான் அவள் குரல் உயர்ந்தது. “மன்னிப்பு கேட்டான்னா அப்ப தப்பு செஞ்சான்னுல்லா ஆயிரும்? தப்புன்னா, சும்மா ஒரு மேகத்துக்காக எம் புருசன் செத்தாவன்னுல்லா ஆயிரும்? அது எனக்குத் தாங்காது மைனி. அவள மன்னிப்பு கேக்க வரச் சொல்லாதீய.” முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டாள்.

மகளே, ராஜினாமா அனுப்புவதும் அனுப்பாததும் உன் இஷ்டம். நீ இந்த வேலையில் இருக்கும் ஒவ்வொரு நாளும் எனக்கு வயிற்றில் நெருப்புதான், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் எதுவானாலும் ரெஜினாவைப் பார்த்த பிறகு செய். அவள் சாயங்காலங்களில் வீட்டில்தான் இருக்கிறாள். தனியாகப் போ. அழுதுகொண்டு போகாதே, அவள்தான் அங்கே அழ வேண்டும். கிழக்கே என்ன பார்த்தாயோ அதைச் சொல். நீயும் அவன் பிழைக்க வேண்டும் என்றுதான் நினைத்தாய், அதையும் சொல். மழை வரவில்லை என்பதையும் அவள் சொல்வதற்கு முன்னால் நீயே சொல். எட்டயபுரம் வரை அவன் பேசியதை ஒன்று விடாமல் சொல். நம்பாமல் போகலாம். உன்னை அடிக்கவும் செய்யலாம். அடித்தால் வாங்கிக்கொள். அன்று மைதானத்தில் சொன்ன வார்த்தையை மட்டும் திரும்ப வாங்கிக்கொள்ளாதே.

உன் அம்மா